வெள்ளாவிக்குப் போகாத வேட்டி

சின்னமனூரில் தன் துணியைத் தானே துவைத்துக் கட்டிய ஒரே பி.ஏ. பட்டதாரி சுருளியாண்டிதான். அதற்காக ஊர் அவனைத் தேசபக்தன் என்றது. அவனும் மறுக்கவில்லை. மறுத்தால், ‘அப்ப எதுக்குய்யா தொவைக்கிறீரு?’ என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு அவனிடம் இருந்த பதில் நாலு பேர் நடுவில் சொல்லக்கூடியது இல்லை.

விஷயம் இதுதான். அவன் மூத்திரம் கறுக்கும். வருகிறபோது ஊரில் எல்லாருக்கும் போலத்தான் வரும். ஆனால் உவர்மண்ணோ சவுக்காரமோ பட்டுவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகி, அப்புறம் மையாகிவிடும். கைக்குழந்தையில் அவனைக் கிடத்தியிருந்த துணிகளை வெளுக்கப் போட்டார்கள். அந்தக் காலத்தில் வெளுப்பு என்றால் வெள்ளாவிதான். துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, பானையில் அடுக்கி, ஆவியில் அவிய வைப்பது. உலகத்து அழுக்கெல்லாம் அதில் வெளுத்து வந்தது, இவன் துணி மட்டும் கன்னங்கரேலென்று வந்தது. அவன் ஆத்தா மொக்கம்மாள் பதறிப்போய், அன்றிலிருந்து அவன் துணியை யாருக்கும் தெரியாமல் வெறுந்தண்ணீரில் தானே அலசினாள். விவரம் தெரிந்த வயதில் அந்த வேலையை அவன் தலையில் கட்டினாள். “யாரு கண்ணுலயும் பட்டுறக்கூடாதுலே, பொண்ணு குடுக்க மாட்டாக” என்றாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் அந்த ஒரு பாடத்தில் மட்டும் அவன் தவறியதே இல்லை.

பிறகு மதுரையில் ரசாயனம் படித்தான். ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லாத சமயம் பார்த்துத் தன் சொந்தச் சரக்கையே கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சோதித்தான். காஸ்டிக் சோடா விட்டால் மை. எலுமிச்சம்பழம் பிழிந்தால் நல்ல பிள்ளையாக இருந்தது. காரம் பகை, அமிலம் உறவு என்று கண்டுகொண்டான். அன்று முதல் துவைக்கப் போகும்போது மடியில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டாயம் இருக்கும். இது ஏன் இப்படி என்று மட்டும் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. பரீட்சைக்கு வராத கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை.

படிப்பு முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானான். முல்லையாற்றங்கரையில், படித்துறைக்குத் தள்ளி ஒரு ஒதுக்குப்புறத்தில், விடிந்தும் விடியாமலும் அவன் வேட்டி அலசிக்கொண்டிருந்தபோதுதான் கர்ணன் பார்த்துவிட்டார். கர்ணன் பஞ்சு வியாபாரி. சட்டமறுப்பும் சிறையும் ஓய்ந்து, ராட்டையும் பொதுக்கூட்டமும் மட்டும் மிச்சமிருந்த அந்த வருடங்களில் ஊரில் காங்கிரஸ் என்றால் அவர்தான். மேடையில் ஏற்றப் படித்த ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த மனிதர்.

“என்ன வாத்தியார், நீங்களே தொவைக்கிறீக?”

“சும்மாதாண்ணே.”

“சவுக்காரத்தக் காணோமே?”

“தொடுறதில்லண்ணே.”

“வெளிநாட்டுச் சரக்குன்னுதானே?”

சுருளியாண்டி ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டினான். அந்த ஆட்டம் அவனுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. கர்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரக் கூட்டத்திலேயே, பி.ஏ. படித்த வாத்தியார் தன் அழுக்கைத் தானே போக்கிக்கொள்கிறார், சீமைச் சவுக்காரத்தைக் கையால் தொடுவதில்லை, எலுமிச்சம்பழத்தால் துவைக்கிறார் என்று முழங்கினார். ஜனங்கள் கைதட்டினார்கள். சுருளியாண்டி மேடைக்கு இழுக்கப்பட்டு, கழுத்தில் கதர் நூல் மாலையோடு, தன் வேலையைத் தானே செய்வதன் மகிமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். நன்றாகவே பேசினான். இறங்கி வரும்போது தானே அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

பள்ளிக்கூடத்தை நடத்திய ஜில்லா போர்டிலோ அப்போது கதர் வாடையே ஆகாது. இன்ஸ்பெக்டர் வந்து, “நீர் காங்கிரஸாமே?” என்று கேட்டார். “இல்லை சார், தேகத்துக்கு அசைவு வேணும்னு டாக்டர் சொன்னார், துணி துவைக்கிறது நல்ல அசைவு” என்றான். இன்ஸ்பெக்டரும் திருப்தியாகப் போனார். கர்ணனிடம் போனால் தேசம், இன்ஸ்பெக்டரிடம் போனால் தேகம். இரண்டு பக்கமும் நல்ல பேர். இப்படிப்பட்ட பிழைப்பை நினைத்தால் ராத்திரி தூக்கம் வரக்கூடாது. அவனுக்கு நன்றாக வந்தது.

வராமல் போனது சுப்புத்தாய்க்குத்தான். ஊருக்கு வெளுப்பவள் அவள். வாத்தியாரைப் பார்த்து நாலு வீட்டு இளவட்டங்கள் தாங்களும் ஆற்றுக்கு வேட்டியைத் தூக்கிக்கொண்டு போக, அறுவடைக்கு அவளுக்கு வரவேண்டிய தானியம் நாலு வீட்டில் நின்றுபோனது. தெருவில் அவனைக் கண்டால், “வாத்தியாரய்யா, ஒங்க தேசத்துல எங்களுக்கு எடமில்லையா?” என்று கேட்பாள். அவன் அதற்கும் அதே ஆட்டத்தை ஆட்டிவிட்டு நடந்துவிடுவான்.

இந்த நிலையில் கடமலைக்குண்டிலிருந்து தாய்மாமன் செல்லப்பாண்டி வந்து இறங்கினார். அவர் மகள் ராமுத்தாய் இவனுக்கென்று பேசிவைத்த பெண். இரண்டு குடும்பத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் தமக்குள்ளேயேதான். ராமுத்தாயை இவனுக்குப் பிடிக்கும். ஊர் பேசி முடித்ததற்காக இல்லை, உள்ளபடியே நிறையப் பிடிக்கும். கோபம் வந்தால் கோபப்படுவாள், சிரிப்பு வந்தால் சிரிப்பாள். இந்தச் சாதாரணக் காரியத்தை அவளைப் போலச் செய்கிற இன்னொரு ஆளை அவன் பார்த்ததில்லை.

“மாப்ள, தை பொறந்ததும் முடிச்சிருவோம். இன்னும் எம்புட்டுக் காலந்தான் நான் ஊருக்குப் பதில் சொல்றது?” என்றார் மாமன்.

“செய்யலாம் மாமா,” என்றான் சுருளியாண்டி. மாமன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை, பெண் உடுத்தின துணியையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வெளுக்கப் போடுவார்கள். வெளுத்து வந்த துணியை உடுத்திக்கொண்டுதான் மறுவீடு போகவேண்டும். அந்த மூட்டை வெள்ளாவிக்குள் போய் வெளியே வரும் காட்சியை அவன் மனதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். கல்யாணத்தை வருடக்கணக்கில் அவன் தள்ளிப்போட்டதே அதனால்தான்.

மாமன் கிளம்பும்போது பெருமையாகச் சொன்னார்: “எம்மகளும் ஒங்க வழிதான் மாப்ள. வெளுக்கப் போடுறதே இல்ல. வெள்ளென எந்திரிச்சு வைகைக்குப் போயித் தானே அலசிட்டு வந்துரும். சவுக்காரமும் தொடாது. ஒங்க பேரச் சொல்லித்தான் அங்கன எல்லாரும் அதக் கேலி பண்றாக.”

ரசாயனம் படித்தவன் அந்த இடத்தில் என்ன யோசித்திருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருளியாண்டி யோசித்ததெல்லாம் தன் புகழ் கடமலைக்குண்டு வரைக்கும் போய்விட்டதே என்பதுதான். பாவம், எனக்காக அந்தப் பிள்ளை விரதம் மாதிரி இருக்கிறதே என்று நெஞ்சு விம்மியது. அந்த விம்மலிலேயே ஒரு முடிவுக்கும் வந்தான். இவ்வளவு பக்தியுள்ள பெண்ணை ஏமாற்றக்கூடாது. முதலில் இது என்ன நோய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டியது.

கேட்பதற்கு ஜேசுராஜ் இருந்தான். ராயப்பன்பட்டிக்காரன். மதுரையில் இவனோடு ஒரே அறையில் இருந்து படித்து, பிறகு மெட்ராஸ் போய் எல்.எம்.பி. முடித்து, உத்தமபாளையத்தில் டாக்டராக உட்கார்ந்திருந்தான். துணிப்பைக்குள் ஒரு சீசாவைப் பதுக்கிக்கொண்டு போய் அவன் மேஜையில் வைத்தான் சுருளியாண்டி.

“என்னலே இது, தேனா?”

“என்னோடதுதான்.”

விவரத்தைக் கேட்டுவிட்டு ஜேசுராஜ் சீசாவில் கொஞ்சம் காஸ்டிக் சோடா விட்டான். கறுத்தது. இன்னும் கொஞ்சம் விட்டான். நன்றாகக் கறுத்தது. சந்தோஷத்தில் அவன் முகம் மலர்ந்தது. நோயாளியின் எதிரில் டாக்டர் அப்படி மலரக்கூடாது. அலமாரியிலிருந்து தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களைப் புரட்டி, விரலை ஒரு இடத்தில் வைத்தான்.

“அல்காப்டோனூரியா. மெட்ராஸ்லகூட நான் பாத்ததில்ல.”

“செத்துருவேனா?”

“சாவே. எல்லாரும் சாகுற மாதிரி. இதுக்காகச் சாக மாட்டே. வயசான காலத்துல முதுகும் முட்டியும் பிடிச்சுக்குமாம். யாருக்கும் ஒட்டாது. இதப் போயி இத்தன வருசமா மறைச்சியாக்கும்.” மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை நீட்டினான். “டைரோசின்னு ஒரு அமினோ ஆசிட் உண்டுல்ல, அதோட படம் போடு பாப்போம்.”

அமினோ ஆசிட் என்றால் சுருளியாண்டிக்கு அத்துப்படி. ஆறு மூலை வளையம் ஒன்று போட்டான். அதற்கு ஒரு வால். வால் நுனியில் இந்தப் பக்கம் அமிலக் கை, அந்தப் பக்கம் காரக் கை. அச்சடித்த மாதிரி வந்தது. இதே படத்துக்கு மதுரையில் முழு மார்க் வாங்கியவன் அவன்.

“சரி, இது ஒனக்குள்ள எங்கனருந்து வருது, எங்கன போகுது?”

சுருளியாண்டி விழித்தான். அது கேள்வித்தாளில் வந்ததில்லை.

“மக்கு. நீ திங்கிற பருப்பு, முட்டை, கறி, பாலு எல்லாம் இந்த மணிகளக் கோத்த கோவைதான். வயித்துலயும் குடல்லயும் கோவை அவுந்து தனித்தனி மணியாகுது. குடல் சுவர் வழியா ரத்தத்துல ஏறி, ஈரலுக்குப் போகுது. அங்கன வேண்டியத எடுத்துக்கிட்டு மிச்சத்த ஒடைக்கணும். இந்த வளையத்த ஒடைக்கிறதுல நடுவுல ஒரு படி ஒனக்கு இல்ல. பொறக்கும்போதே இல்ல. அதனால ஒடையாம நின்ன வளையம் ரத்தத்தோட சுத்தி, கிட்னிக்கு வந்து, வெளியே போயிருது. போனது காரத்தக் கண்டா கறுக்குது. அம்புட்டுத்தான் சங்கதி.”

சுருளியாண்டிக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை வருடப் பயம் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அடங்கிப்போயிற்று.

ஜேசுராஜ் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுல ஒரு வேடிக்கை இருக்கு பாத்தியா? ஆசிட்டுல போட்டா இது காரமா நடந்துக்கும். காரத்துல போட்டா ஆசிட்டா நடந்துக்கும். நடுவுல விட்டா ரெண்டு சார்ஜையும் ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு, கரண்டே குடுத்தாலும் இந்தப் பக்கமும் போகாம அந்தப் பக்கமும் போகாம நிக்கும்.”

“என்னையத்தானே சொல்றே.”

“நான் புஸ்தகத்தச் சொல்றேன். நீ எதுக்குத் தோள்ல போட்டுக்கிறே?” என்று சிரித்த ஜேசுராஜ், சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். “இன்னொண்ணும் போட்டிருக்கு. சொந்தத்துக்குள்ள கட்டுன குடும்பத்துலதான் இது அடிக்கடி வருதாம். நீ கட்டப்போறதும் மாமன் மக. கட்டுறதும் கட்டாததும் ஒங்க பாடு. ஆனா அந்தப் புள்ளைக்குத் தெரியாமக் கட்டாதே.”

மறு ஞாயிற்றுக்கிழமை தேனிக்குப் பஸ், அங்கிருந்து கடமலைக்குண்டுக்கு மாட்டுவண்டி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். ‘மாமா, எனக்கு ஒரு தேகக்கோளாறு...’ வேண்டாம், கோளாறு என்றாலே வேறு மாதிரி நினைப்பார்கள். ‘மாமா, மனுஷ உடம்பில் புரோட்டீன் என்று ஒன்று...’ அதற்குள் மாமன் எழுந்து போய்விடுவார். கடைசியில் நேராகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தபோது வண்டி வாசலில் நின்றது.

மாமன் செம்பில் தண்ணீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, “சொல்லுங்க மாப்ள” என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

“சுயராஜ்யம் வர்ற வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கிறதில்லன்னு விரதம் எடுத்திருக்கேன் மாமா,” என்றான் சுருளியாண்டி.

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒத்திகையில் இது கிடையாது. ஆனால் வாயை விட்டு வெளியே வந்ததும் என்ன கம்பீரமாக இருந்தது என்று ஒரு நொடி ரசிக்கவும் செய்தான், அந்தக் கழுதை.

மாமன் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். “எப்ப வரும்?” என்றார்.

“எது மாமா?”

“சுயராஜ்யம்.”

“தெரியல மாமா.”

“அதுவரைக்கும் எம்மகளுக்கு வயசு அப்பிடியே நிக்குமா?” மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். “பெரிய காரியம். நான் குறுக்க நிக்கல. வருசநாட்டுலருந்து ஒரு எடம் கேட்டுக்கிட்டே இருக்காக. தையில அவுகளுக்கே குடுத்துர்றேன்.” மாட்டைப் பார்க்கப் போகிறவர் போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ராமுத்தாய் மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“மச்சான், ஒண்ணு கேக்கணும். நீங்க எதுக்காக ஒங்க துணிய நீங்களே தொவைக்கிறீக?”

“தேசத்துக்காகத்தான்.”

“வேற ஒண்ணும் இல்லையா?”

“வேற என்ன இருக்கு?”

அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். “எனக்குத் தேசமெல்லாம் தெரியாது மச்சான். என் துணி வெள்ளாவிக்குப் போனா கறுத்துப்போகும். பொறந்ததுலருந்து அப்பிடித்தான். ஆத்தாவுக்கு மட்டுந்தான் தெரியும். கழுத்துல தாலி ஏறுறதுக்கு முந்தி ஒங்ககிட்டச் சொல்லிரணும்னு இருந்தேன். நீங்க கல்யாணமே வேண்டாம்னுட்டீக. இருந்தாலும் மனசுல வெச்சிருந்ததச் சொல்லிட்டேன்.”

மாமன் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் இப்போது சுருளியாண்டிக்கு வரிசையாகப் புரிந்தது. பக்தியாவது, விரதமாவது. அவளும் அவனைப் போலவே பயந்து, அவனைப் போலவே விடியுமுன் ஆற்றுக்கு ஓடியிருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உலகத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூடிய ஒரே மனுஷி எதிரில் நிற்கிறாள்.

அவன் வாயைத் திறந்தான். “அதுல பயப்பட ஒண்ணுமே இல்ல ராமுத்தாய். அது ஒரு அமினோ ஆசிட்,” என்றான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பருப்பிலிருந்து ஆரம்பித்தான். கோவை அவிழ்வதைச் சொன்னான். குடலிலிருந்து ரத்தம், ரத்தத்திலிருந்து ஈரல், ஈரலிலிருந்து கிட்னி என்று ஊர் ஊராகப் பஸ் நிற்பது போல நிறுத்தி நிறுத்தி விளக்கினான். மோர் டம்ளரை நடுவில் வைத்து, ஒரு கையை அமிலமாகவும் இன்னொரு கையைக் காரமாகவும் நீட்டிக் காட்டினான். உயிருக்கு ஆபத்தில்லை, யாருக்கும் ஒட்டாது, முட்டி மட்டும் பிற்காலத்தில் பிடிக்கும் என்று டாக்டர் தோரணையில் தைரியம் சொன்னான். எல்லாம் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

ராமுத்தாய் கவனமாகக் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்து, அவன் பேசப் பேசக் குறைந்துகொண்டே போனது.

“இம்புட்டும் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“படிச்சேன்.”

“படிச்சீகளா,” என்றாள். “சரி மச்சான்.” மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் இன்னும் மோரைக் குடித்திருக்கவில்லை.

சின்னமனூரில் செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கர்ணன் கூட்டம் போட்டுவிட்டார். சொந்த மாமன் மகளையே தேசத்துக்காகத் துறந்த தியாகி என்றார். சுருளியாண்டி மைக் இல்லாத அந்த மேடையில் ஏறி, தொண்டை கிழியக் கத்தினான்: “நான் தியாகி இல்ல. நான் ஒரு கோழை.” கூட்டம் இதுவரை கேட்காத அளவுக்குக் கைதட்டியது. இப்படியொரு அடக்கத்தைத் தாம் கண்டதில்லை என்றார் கர்ணன். உண்மையைச் சொன்னால்கூட மாலை விழுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தை பிறந்ததும் ஜேசுராஜ் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்தான். வருசநாட்டிலிருந்து வந்த ஒரு நோயாளி சொன்ன சேதி.

“பொண்ணு பாக்க வந்தாகளாம். தட்டு மாத்துறதுக்கு முந்தி அந்தப் புள்ளையே சபைக்கு வந்து, என் துணி வெள்ளாவியில கறுக்கும், தெரிஞ்சுக்கிட்டுக் கட்டுறதுன்னாக் கட்டட்டும்னு சொல்லிருச்சாம். வந்தவுக தாம்பூலத்தத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாகளாம். இப்ப கடமலைக்குண்டு பூராவும் இதே பேச்சு. செல்லப்பாண்டி வீட்டை விட்டு வெளிய வர்றதில்லையாம்.”

சுருளியாண்டி கரும்பலகையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

“ஏலே, ரெண்டு பேருக்கும் இருந்தா பொறக்குறது அத்தனைக்கும் இருக்கும். அதையும் சொல்லிர்றேன்,” என்றான் ஜேசுராஜ். “மத்தபடி, இதச் சொல்றதுக்கு அந்தப் புள்ளைக்குப் பி.ஏ. வேண்டியிருக்கல.”

மறுநாள் காலையில் சுருளியாண்டி தன்னிடம் இருந்ததில் நல்ல வேட்டியாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் புதருக்குப் பின்னால் போனான். அங்கே அவன் செய்த காரியத்தை விவரிப்பது மரியாதை இல்லை. மேடைப்பேச்சைக் கேட்ட ஜனங்கள் அந்த நேரம் பார்த்திருந்தால் மாலையைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இதுவரை அவ்வளவு கவனமாக அவன் எதையும் நனைத்ததில்லை. எலுமிச்சம்பழம் எடுத்துப் போகவில்லை. நனைந்த வேட்டியைச் சுருட்டிக்கொண்டு நேரே சுப்புத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“வெள்ளாவியில வைக்கணும்.”

“ஏன், தேசம் வந்துருச்சா?” என்றாள் சுப்புத்தாய். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளே அலறிக்கொண்டு வந்தாள். கையில் வேட்டி. மடியில் இருந்து முழங்கால் வரைக்கும் கரிய திட்டுத் திட்டாக, நடுவில் மட்டும் வெளேரென்று.

“என் பானையில இப்பிடி ஒரு நாளும் ஆனதில்ல. இது ஒங்க கட்சிக்காரக வேல. சுப்புத்தாய் வெளுத்தா கறுக்கும்னு ஊர்ல சொல்லி மிச்ச வீட்டையும் கெடுக்கப் பாக்குறீக.”

“ஒன் பானையில தப்பில்ல, என் ஒடம்புலதான்,” என்றான் சுருளியாண்டி. என்னவென்று சொல்லவும் செய்தான். அவள் வேட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “இதுக்காகவா எங்க வீட்டு நாலு மரக்கால் தானியத்த நிறுத்துனீக?” என்று கேட்டாள். நாலு வீட்டுக்கும் போய்ப் பேசுகிறேன் என்றான் அவன்.

அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு தேனி பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய் நின்றுகொண்டார். உத்தமபாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்த கர்ணன் பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்து, மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வாத்தியார், கறுப்பு எதிர்ப்பா? கொடிக்குப் பதிலா வேட்டியா? யார எதிர்த்து?”

“என்னைய எதிர்த்துத்தாண்ணே.”

கர்ணன் வெகுநேரம் அதை மனதுக்குள் அசைபோட்டுக்கொண்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

கடமலைக்குண்டில் அன்று சந்தை. வண்டியை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே மாமன் வீட்டுக்கு நடந்தான். சிரித்தவர்கள் சிரித்தார்கள், ஒதுங்கியவர்கள் ஒதுங்கினார்கள். காய்கறிக்காரி ஒருத்தி தராசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அவனுக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போனாலும் இதே சந்தை வழியாகத்தான் போகவேண்டும் என்பதால்தான் முன்னால் போனான்.

முற்றத்தில் ராமுத்தாய் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. அவள் கண் வேட்டியில் இறங்கி, அங்கேயே நின்றது.

“எப்பலருந்து?”

“பொறந்ததுலருந்து.”

“அன்னைக்குக் கேட்டேனே மச்சான்.”

“கேட்டே.”

“அம்புட்டு நேரம் பேசுனீகளே. குடலச் சொன்னீக, ஈரலச் சொன்னீக.”

“என்னையச் சொல்லல. பயந்துட்டேன். ஒன்னைய மாதிரி எனக்கு வரல. நமக்குப் பொறக்குறதுக்கும் இப்பிடித்தான் இருக்குமாம். தெரிஞ்சுதான் கேக்குறேன். எனக்கு ஒன்னைய விட்டா வேற யாரும் வேண்டாம்.”

அவள் முறத்தில் இருந்த சோளத்தை ஒரு ஓரமாகத் தள்ளினாள். “எங்கிட்டச் சொல்றது எதுக்கு? எனக்குத்தான் இது தெரியுமே,” என்றாள். “அங்கன உள்ள ஒரு மனுசன் எம்மகளுக்கு மட்டும் ஏன் இப்பிடின்னு சோறு திங்காம உக்காந்திருக்காரு. சபையில என்னையத் தனியா நிக்க வெச்சீகல்ல. அவருகிட்டப் போயிச் சொல்லுங்க, அப்பறம் பேசுவோம்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் செல்லப்பாண்டியே வாசலுக்கு வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். மருமகனைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். தெருவில் சந்தைக்கு வந்த சனம் கூடி நிற்பதையும் பார்த்தார்.

“என்ன மாப்ள இது, வேட்டியில?”

சுருளியாண்டிக்குள் வழக்கமான பதில்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு எழுந்து வந்தன. சாயம் என்று ஒன்று. எதிர்ப்பு என்று ஒன்று. அமினோ ஆசிட் என்று ஒன்று. மூன்றும் நாக்கு நுனிவரை வந்து, யார் முதலில் போவது என்று முட்டிக்கொண்டன. தலை அதன் பழைய ஆட்டத்துக்குத் தயாரானது. அவன் கழுத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தினான்.

“மூத்திரம், மாமா,” என்றான்.

செல்லப்பாண்டி அந்தக் கரிய திட்டுகளைக் குனிந்து உற்றுப் பார்த்தார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். ராமுத்தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.